ஓய்வுக்காலத்துக்குத் தங்கம்: பெட்டியிலா, கணக்கிலா?

மேற்குவாசல்:
எனக்கு 52 வயது. வேலை இன்னும் எட்டு வருஷம். சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தங்கமாக வைப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அதில் சண்டை இல்லை. சண்டையெல்லாம் எந்த உருவில் என்பதில்தான். நான் ஈடிஎஃப் (பங்குச் சந்தையில் யூனிட் யூனிட்டாக வாங்கி விற்கும் தங்க ஃபண்ட்) கட்சி, மனைவி கட்டி, காசு கட்சி. "தொட்டுப் பார்க்க முடியாததை எப்படிங்க நம்ம சொத்துன்னு சொல்றது?" என்கிறாள். சட்டென்று பதில் வரவில்லை.

நகை இந்தக் கணக்கிலேயே கிடையாது. அதை நாங்கள் விற்கப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். விற்காததைச் சேமிப்பு என்று எழுதி வைத்து என்ன பிரயோஜனம்?

ஒரே ஒரு வேண்டுகோள். வாங்கினவர்களின் அனுபவம் நிறையப் படித்துவிட்டேன், எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். விற்றவர்கள் யாராவது இருந்தால் பேசுங்கள்.

தராசுமுள்:
நான் வித்தவன் இல்லை சார், விக்க வந்தவங்களைப் பார்த்தவன். பதினாலு வருஷம் பழைய தங்கம் வாங்குற கவுண்டர்ல உட்கார்ந்திருந்தேன்.

ஒருத்தரை மட்டும் சொல்றேன். எழுபதைத் தாண்டின பெரியவர். 100 கிராம் கட்டி ஒண்ணு கொண்டுவந்தார். சீல் உடையாத அட்டை, நம்பர், முத்திரை எல்லாம் சுத்தம். அவருக்குத் தேவை ஏறக்குறைய 30 கிராமுக்கான பணம். "மீதியைத் திருப்பிக் கொடுத்துருங்க தம்பி"ன்னார். அட்டையைக் கிழிச்சு வெட்டித்தான் கொடுக்கணும். வெட்டினா மிச்சம் 70 கிராம்ல பாதி முத்திரைதான் நிக்கும், நம்பர் போயிரும். அதுக்கப்புறம் எந்தக் கடைக்கு எடுத்துட்டுப் போனாலும் அது கட்டி இல்லை, வெட்டுத்துண்டு. உருக்கிப் பார்த்துத்தான் விலை சொல்வாங்க. அவர் அந்த அட்டையை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில முழுசையும் வித்துட்டுப் போனார். மிச்சப் பணம் அன்னிக்கு அவருக்குத் தேவையே இல்லை.

சின்னச் சின்னதா வாங்கினா போச்சுன்னு நினைப்பீங்க. அங்கே கூலி இடிக்கும். 1 கிராம் கட்டியை அச்சடிச்சு, அட்டையில அடைச்சு, சான்று ஒட்டுற வேலையும் 50 கிராமுக்குச் செய்யுற வேலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால சின்னதுல கிராமுக்குக் கூலி ரொம்ப ஏறும், விக்கும்போது அந்தக் கூலி திரும்பி வராது. நான் பார்த்தவரைக்கும் 10 கிராம்தான் நடுத்தரம்.

கணக்குப்புள்ளி:
தராசுமுள் சொன்ன அந்தப் பெரியவர் கதைதான் ஈடிஎஃப்புக்கான முழு வாதமும். ஒரு யூனிட், பத்து யூனிட், எத்தனை வேண்டுமோ அத்தனை விற்கலாம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு.

ஆனால் இலவசம் இல்லை. அமெரிக்காவில் 2004 நவம்பரில் தொடங்கிய ஜிஎல்டி என்ற தங்க ஈடிஎஃப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் ஒரு யூனிட் என்பது ஒரு அவுன்ஸில் (சுமார் 31 கிராம்) பத்தில் ஒரு பங்கு. வருடச் செலவு 0.40 சதவீதம். அந்தச் செலவுக்குத் தனியாக யாரும் உங்களிடம் பில் போடுவதில்லை, ஃபண்டே தன் தங்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விற்று எடுத்துக்கொள்ளும். 0.996ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள், 0.923 வரும். அதாவது இருபது வருஷத்தில் யூனிட்டுக்குள் இருக்கும் தங்கம் ஏறக்குறைய எட்டு சதவீதம் கரைந்துவிடும். முப்பது வருஷம் என்றால் 11 சதவீதம். 0.25 சதவீதச் செலவுள்ள ஃபண்ட் என்றால் அதே முப்பது வருஷத்தில் ஏழு சொச்சம்தான். எட்டு வருஷம் வாங்கி, இருபத்தைந்து வருஷம் விற்கப்போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இது.

லாக்கர் வாடகையோடு ஒப்பிடுவார்கள். வாடகை தங்கத்தின் எடையைப் பார்ப்பதில்லை. 50 கிராம் வைத்தவருக்கும் 2 கிலோ வைத்தவருக்கும் ஒன்றேதான். கொஞ்சமாக வைத்திருப்பவருக்கு லாக்கர்தான் அதிகச் செலவு, நிறைய வைத்திருப்பவருக்கு ஃபண்ட்தான் அதிகச் செலவு. இதை யாரும் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை.

மண்குதிரை:
சதவீதம் சதவீதம்னு பேசிட்டு அடிமரத்தை விட்டுட்டீங்க. கணக்கில் இருக்கிற தங்கம் இன்னொருத்தன் கொடுத்த வாக்கு. வாக்கு பொய்க்கும்.

2011 அக்டோபர் 31, எம்எஃப் குளோபல்னு ஒரு அமெரிக்கத் தரகு நிறுவனம் திவால். வாடிக்கையாளர் பணத்தில் 160 கோடி டாலர் குறைஞ்சது. அதைவிடக் கொடுமை, குறிப்பிட்ட கட்டி என் பேர்ல கிடங்குல இருக்குன்னு ரசீது வெச்சிருந்தவங்களையும் பொதுப் பானையில சேர்த்து, எல்லாருக்கும் விகிதாச்சாரமாத்தான் முதல்ல பிரிச்சாங்க. உங்க நம்பர் போட்ட கட்டி, ஆனா உங்களுக்கு முழுசா இல்லை. இதைப் படிச்ச பிறகும் ஈடிஎஃப் வாங்குறவங்களுக்கு என் வாழ்த்துகள். என் பேரே இதுக்காக வெச்சதுதான், ஆத்துல இறங்குறது உங்க இஷ்டம்.

குறிப்பேடு:
மண்குதிரை, சம்பவம் உண்மை. பொருத்தம்தான் சரியில்லை. எம்எஃப் குளோபல் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) தரகு நிறுவனம், தங்க ஃபண்ட் அல்ல. பல வருஷம் இழுத்தாலும் வாடிக்கையாளர்களுக்குக் கடைசியில் முழுப் பணமும் கிடைத்தது. எழுபது வயதில் பல வருஷம் காத்திருப்பது சின்ன விஷயம் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"காகிதத் தங்கம்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் குழப்பம். தங்கத்தை வைத்து நடக்கும் ஈடிஎஃப்பில் தங்கம் பாதுகாவலர் வங்கியின் பெட்டகத்தில் கட்டிகளாக, எண்ணோடு, ஃபண்டின் பெயரில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். பெரிய ஃபண்டுகள் அந்தக் கட்டி எண்களின் பட்டியலையே வெளியிடுகின்றன. ஒதுக்கப்படாத தங்கக் கணக்கு வேறு. அங்கே குறிப்பிட்ட கட்டி எதுவும் உங்களுடையது அல்ல, நிறுவனம் உங்களுக்குத் தங்கக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அது முங்கினால் நீங்களும் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஃபியூச்சர்ஸ் மூன்றாவது ரகம், சேமிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுரங்கக் கம்பெனிப் பங்கு தங்கமே அல்ல. செயலியில் "டிஜிட்டல் தங்கம்" என்று விற்பது இதில் எந்த ரகம் என்பது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கும். மனைவியோடு சேர்ந்து அதைப் படியுங்கள், சண்டை பாதி தீரும்.

இன்னொன்று. யூனிட்டைக் கொடுத்துத் தங்கமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலான ஃபண்டுகளில் அது பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான். அவர்கள் கையாளும் லண்டன் கட்டி ஒவ்வொன்றும் சுமார் 400 அவுன்ஸ், பன்னிரண்டரை கிலோ.

கையில் இருப்பது மட்டும் நூறு சதவீதம் பத்திரமா? 1933 ஏப்ரல் 5, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட உத்தரவு யாருக்கு? கையில் தங்கம் வைத்திருந்தவர்களுக்கு. அவுன்ஸ் 20.67 டாலருக்கு அரசிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள், அடுத்த வருஷமே விலையை 35 ஆக்கினார்கள். தனியார் மீண்டும் தாராளமாகத் தங்கம் வைத்துக்கொள்ள 1974 முடியும்வரை காத்திருந்தார்கள். ஒருவருக்கு 100 டாலர் மதிப்பு வரை தங்கக் காசுக்கு விலக்கு இருந்தது. நகைக்கும் விலக்கு. மேற்குவாசல் கணக்கில் சேர்க்காமல் விட்ட அந்த நகைதான் அங்கே தப்பியிருக்கும்.

மண்குதிரை:
ஒப்படைக்காம வெச்சிருந்தவங்களும் ஏராளம். கணக்கில் இருந்திருந்தா அந்த வாய்ப்பே கிடையாது. நிறுத்திக்கிறேன்.

நீலச்சங்கு:
என் வீட்டுக்காரர் இரண்டையும் வைத்திருந்தார். அவர் போன பிறகு இரண்டையும் வெளியே எடுத்தது நான். அதனால் சொல்கிறேன்.

முதலில் ஈடிஎஃப். நாமினி நான்தான், அதில் குழப்பம் இல்லை. ஆனால் கணக்குத் திறந்தபோது கொடுத்த போன் நம்பரை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஓடிபி எல்லாம் இப்போது அந்த நம்பரை வைத்திருக்கிற யாரோ ஒருவருக்குப் போகிறது. இறப்புச் சான்றிதழ் கொடுத்தால் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம் என்றார்கள். அதைச் சரிசெய்து கொண்டுபோனால் என் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. துக்கத்தில் கை நடுங்காமல் யார் கையெழுத்துப் போடுவார்கள்? எழுதி எழுதி நானே என் கையெழுத்தை மறந்துவிட்டேன். ஏழு மாதம். ஆனால் கடைசி யூனிட் வரை வந்தது.

லாக்கரில் ஆறு கட்டி என்று அவர் டைரி சொன்னது. திறந்தால் நான்கு. அவரே விற்றிருக்கலாம், டைரியில் அடிக்க மறந்திருக்கலாம். மறதி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாவி ஒன்று வேறொருவரிடமும் இருந்தது, பெயர் சொல்லப்போவதில்லை. யாரையும் கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. அந்த ஏழு மாத அலைச்சல் எனக்கு இப்போது ஞாபகத்திலேயே இல்லை. இல்லாத அந்த இரண்டு கட்டி மட்டும் எங்கள் வீட்டில் எல்லோர் நடுவிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தராசுமுள்:
அக்கா, படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணலை.

கரையோரம்:
எனக்கு 68. ஓய்வு பெற்று எட்டு வருஷம். மேற்குவாசல் கேட்ட "விற்றவன்" நான்தான்.

இரண்டு கட்சியும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர். 1999இல் 252 வரை போனது. மறுபடி 850ஐத் தொட்டது 2008 ஜனவரியில். இருபத்தெட்டு வருஷம். அந்த ஜனவரியில் அறுபது வயதில் கைநிறையத் தங்கத்தோடு வீட்டுக்கு வந்தவருக்கு விலை திரும்பும்போது வயது 88, நடுவில் ஏறிய விலைவாசி தனி. 2011 செப்டம்பரில் 1900ஐத் தாண்டியது 2015 டிசம்பரில் 1050 பக்கம் நின்றது. இந்த அடியை இரும்புப் பெட்டியும் தடுக்காது, ஃபண்ட் மேனேஜரும் தடுக்க மாட்டார். அதனால் பத்தில் ஒரு பங்கு என்று நிறுத்தினீர்களே, அதுதான் இந்த இழையிலேயே பெரிய முடிவு.

அடுத்தது என் சொந்த முட்டாள்தனம். 2013 ஏப்ரல், 12ஆம் தேதியும் 15ஆம் தேதியும். நடுவில் சனி, ஞாயிறு. இந்த இரண்டே வர்த்தக நாளில் விலை 13 சதவீதம் பக்கம் சரிந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. போனை எடுத்தேன், இருந்த யூனிட் எல்லாவற்றுக்கும் விற்கச் சொல்லி ஆர்டர் போட்டுவிட்டுப் படுத்தேன். கட்டைவிரல் ஒன்று போதுமாக இருந்தது. காசுகளையும் விற்றிருப்பேன். லாக்கருக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், மறுநாள் மழை. அந்த மழையால் தப்பிய காசுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நான் மட்டும் இல்லை, அந்த வருஷம் உலகம் முழுக்கத் தங்க ஈடிஎஃப்களில் இருந்து 800 டன்னுக்கு மேல் வெளியேறியது. அதே வருஷம் கட்டியும் காசும் வாங்கியவர்கள் அதுவரை இல்லாத அளவு வாங்கினார்கள். ஒரே உலோகம்தான். எளிதாக விற்க முடிந்தவர்கள் விற்றுவிட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டு நான் காகிதக் கட்சிக்கே ஓட்டுப் போடுவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். காரணம் இது. தங்கம் வட்டி தராது, வாடகை தராது. ஓய்வுக்குப் பிறகு அதிலிருந்து சாப்பிட வேண்டும் என்றால் அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். இருபது, இருபத்தைந்து வருஷம் கிள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் போய், கவுண்டரில் உட்கார்ந்து, அவர்கள் சொல்கிற எடையைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, பணத்தோடு திரும்ப வேண்டும். அறுபதில் செய்துவிடுவீர்கள். எழுபத்தெட்டில்? அந்த வயதில் உங்களோடு யார் வருவார்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா?

நான் செய்வது: வருஷம் ஒரே ஒரு தேதியில், விலை எங்கே இருந்தாலும், பிறகு திரும்ப வாங்கியதில் கொஞ்சம் யூனிட் விற்கிறேன். போனில் இருந்த செயலியை அழித்துவிட்டேன், மேசைக் கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதை ஆன் செய்து எழுந்து வருவதற்குள் பயம் பாதி அடங்கிவிடும். காசுகளைத் தொடுவதில்லை.

கணக்குப்புள்ளி:
கரையோரம் ஐயா, 2013 பற்றிச் சொன்னீர்களே, எந்தச் செலவு விகிதமும் அதைக் காட்டாது. என் எட்டு சதவீதக் கணக்கு அதன் முன்னால் சில்லறை.

வரி பற்றி ஒரு வரி மட்டும்: நாட்டுக்கு நாடு வேறு. கட்டிக்கு ஒரு விதி, யூனிட்டுக்கு ஒரு விதி என்று இருக்கும் இடங்கள் உண்டு. விற்கும்போது என்ன வரி வரும் என்பதை வாங்கும் முன்பே படியுங்கள்.

மண்குதிரை:
நிறுத்திக்கிறேன்னு சொன்னேன், முடியலை. "அவசரம்னா யூனிட்டை வித்துட்டுக் கட்டி வாங்கிக்கலாம்"னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2020 மார்ச்ல கொரோனாவுக்காக ஸ்விட்சர்லாந்தோட டிசினோ பகுதியில மூணு பெரிய சுத்திகரிப்பு ஆலைகளை மூடினாங்க. திரையில தங்கம் விலை ஓடிட்டுத்தான் இருந்தது. சின்னக் கட்டி கேட்டா கையில கிடைக்கலை, கிடைச்ச இடத்துல கூடுதல் விலை. கையில வேணும்னு நினைக்கிறதை அமைதியான நாள்லதான் வாங்கணும்.

தராசுமுள்:
இது சரி. அந்த வாரங்கள்ல எங்க கவுண்டர்ல ரேட் போர்டுல ஒரு விலை, கையில கொடுக்கிற விலை வேற.

போலி பத்தி யாரும் கேட்கலை, நானே சொல்லிடறேன். தங்கத்தை எக்ஸ்-ரே அடிச்சுச் சோதிக்கிற எக்ஸ்ஆர்எஃப் மெஷின் மேல்தோலைத்தான் பார்க்கும். டங்ஸ்டன்னு ஒரு மலிவான உலோகம், அதோட அடர்த்தி 19.25, தங்கம் 19.3. தண்ணியில முக்கி எடை பார்த்தாக்கூடப் பிடிபடாது. பெரிய கட்டிக்குள்ள அதை ஒளிக்கலாம், அதனால பெரிசை நாங்க சுலபத்துல நம்ப மாட்டோம். மெல்லிசா இருக்கிற 10 கிராம்ல ஒளிக்கிறது கஷ்டம். சின்னக் கட்டியை நான் ஆதரிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மேற்குவாசல்:
எல்லோருக்கும் நன்றி. மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து முழுசையும் படித்தாள். நீலச்சங்கு அவர்களின் பதிவை இரண்டு முறை.

படித்துவிட்டு, "பெரும்பகுதி உங்க ஈடிஎஃப்லயே போடுங்க" என்றாள். எனக்கே ஆச்சரியம். எழுபத்தெட்டு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போகப்போவது நான் இல்லை, அவள்தான் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

கூடவே நிபந்தனைகள். கணக்கு இருவர் பெயரிலும். அவள் போன் நம்பரும் அதில் ஏற வேண்டும். வருஷா வருஷம் விற்கும் அந்த ஒரு தேதியில் நான் சும்மா உட்கார்ந்திருக்க, அவள் விற்க வேண்டும், பழக்கத்துக்காக. ஏற்கெனவே இருக்கும் காசுகளோடு 10 கிராம் கட்டிகள் கொஞ்சம் சேர்த்து லாக்கரில் போடுவது, எத்தனை என்று மகளிடமும் எழுதிக் கொடுப்பது. கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கே மூன்று பேரும் கையெழுத்து.

எந்த விகிதத்தில் என்று இன்னும் முடிவாகவில்லை. நான் எண்பது இருபது என்கிறேன், அவள் எழுபது முப்பது. இது அவ்வளவு பெரிய சண்டை இல்லை.

மண்குதிரை:
முப்பதாவது மிஞ்சுச்சே. அண்ணிக்கு என் வணக்கம்.

தராசுமுள்:
சார், இருக்கிற காசுகளுக்கு ரசீது வெச்சிருக்கீங்களா? விக்கும்போது வாங்கின விலைக்கு அதான் ஆதாரம். கடையில கொடுக்கிறது தெர்மல் பேப்பரா இருந்தா லாக்கர்ல மடிச்சு வெச்சாலும் எழுத்து மங்கிரும். உடனே ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

மேற்குவாசல்:
இப்போதுதான் ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். 2016இல் வாங்கியது. பின் குத்தி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே என் கையெழுத்தில் "தங்கம், முக்கியம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். உள்ளே வெள்ளைத் தாள்.